பேரைச் சொல்லிவிட்டு உள்ளே வரவும்

டீச்சர் போன் செய்தால் முதல் அரை நிமிடம் நாம் வாயைத் திறக்க முடியாது. தன் பெயரைச் சொல்வார், செலண்டார் என்று ஊரைச் சொல்வார், லாரி டிரைவர் பெஞ்சாதி என்பார், உன்னிடம் தெங்கேராவுக்கு வந்துகொண்டிருந்தோமே என்று அதையும் சேர்த்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பசியாறியாச்சா என்ற கேள்வி வரும். அவருடைய எண் என் கைப்பேசியில் இருக்கிறது, கூப்பிட்டதுமே பெயர் திரையில் வந்துவிடுகிறது, அதில்லாவிட்டாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா என்றெல்லாம் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"ஒனக்குத் தெரியும்மா. இருந்தாலும் சொல்லிடறேன்லா. எனக்கு ஒன்னும் கொறஞ்சு போயிடாது" என்பார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை அவரே சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர் அது, அதை அவர் வாயால் கேட்பதுதான் முறை. பாலர் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்பவர் என்பதால் செலண்டாரில் எல்லாருக்கும் அவர் டீச்சர். எனக்கும் டீச்சர். ஆள் குள்ளம், நடையில் வேகம், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் மூடி போன மார்க்கர் பேனாக்கள் உருண்டுகொண்டிருக்கும், அதனால் பையின் அடி எப்போதும் சிவப்பும் நீலமுமாக இருக்கும்.

அவர் வீட்டுக் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. பிள்ளைகளுக்குப் படம் ஒட்டும் தடித்த அட்டை. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றி, நாலு மூலையிலும் ராஃபியா கயிற்றால் கட்டியிருந்தார். சிவப்பு எழுத்தில், 'பேரைச் சொல்லிவிட்டு உள்ளே வரவும்.' அதன் கீழே நீலத்தில், 'அவரிடம் கேள்வி கேட்க வேண்டாம்.' கீழே அதுவே மலாயிலும் இருந்தது. கேஸ் கொண்டு வரும் சீனர் சிலிண்டரை இறக்குவதற்கு முன்பு "ஆ லிம், கேஸ்" என்று கத்துவார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் பலகாரத் தட்டோடு வந்தால்கூட கேட்டில் நின்று, "ரொக்காயா, ஜீரான் செபெலா" என்று தான் பக்கத்து வீடு என்பதைச் சொல்லியாக வேண்டும். இருபது வருடமாகப் பக்கத்து வீடு. சொன்ன பிறகுதான் தட்டு உள்ளே போகும்.

உள்ளே இருப்பவர் டீச்சரின் கணவர். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை முப்பது வருடம் ஓட்டியவர். ஒரு நாள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது விழுந்து தலையில் அடி. உயிர் பிழைத்தார், நடந்தார், சாப்பிட்டார், சிரித்துப் பேசினார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆள் நல்லாத்தானே இருக்காரு என்றார்கள். போனது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். சின்ன வயது, தோட்டம், அம்மா இல்லாத தன்னை வளர்த்த அக்கா, அதெல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தது. கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் நடந்தவை பெரும்பாலும் காணோம். புதிதாக எதைச் சொன்னாலும் பத்து நிமிடம் தங்காது.

அந்த அட்டையால் வந்த முதல் சண்டை சொந்தத்துக்குள்தான். ஜாசினிலிருந்து அங்கிளின் தம்பி பழப்பையோடு வந்தார். அட்டையைப் படித்தார். கூடப் பிறந்த அண்ணனிடம் நான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமா அண்ணி என்று கேட்டார். டீச்சர் கேட்டின் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆமா தம்பி. சொல்லிட்டு வாங்க, காப்பி போடறேன்" என்றார். தம்பி பழப்பையை கேட்டில் மாட்டிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பல மாதம் எட்டிப் பார்க்கவில்லை. தீபாவளியன்று வந்தார். கேட்டுக்கு வெளியே புதுச் சட்டையோடு நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயரைச் சொல்லி, "ஒங்க தம்பி" என்றார். அங்கிள் "உள்ள வாடா" என்றார். அன்றைக்கு டீச்சர் தம்பி தட்டில் போட்ட கோழியை இரண்டு பேர் சாப்பிட்டிருக்கலாம்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் யோக்கியதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போனால் ஆரஞ்சுப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று கேட்போம். தலையில் அடிபட்டவர் என்றால் இன்னும் சத்தமாகக் கேட்போம். அன்பால்தான் கேட்கிறோம், நம் பெயர் அவர் வாயில் வர வேண்டும் என்ற ஆசையால்தான் கேட்கிறோம். படுத்திருப்பவர் பாவம், ஒவ்வொருவருக்கும் பரீட்சை எழுத வேண்டும். தெரியவில்லை என்று சொன்னால் வந்தவர் முகம் வாடுகிறது. அதனால் வாயில் வந்த பெயரைச் சொல்லிவைக்கிறார். இந்தக் கூத்து வார்டில் நடந்தால் எனக்குக் கோபம் வரும். அதையே நான் தெரபிஸ்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு செய்தேன், அது எனக்குத் தெரியவில்லை.

மூளையில் அடிபட்டவர்களுக்கு அன்றாட வேலைகளை மறுபடியும் பழக்கிக் கொடுப்பது என் தொழில். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெங்கேராவில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் நிலையம் இருந்தது. டீச்சர் முதல் நாள் என்னைப் பார்த்ததும் எந்த ஊர், எந்தத் தமிழ்ப்பள்ளி, எஸ்பிஎம் தேர்வில் தமிழுக்கு என்ன எடுத்தாய் என்று வரிசையாகக் கேட்டார். அந்தக் காலத்து டீச்சர் அப்படி. கேள்வி கேட்டே சம்பாதித்தவர். பி என்றேன். அந்த பி இன்றுவரை அவர் பேச்சில் வந்துவிட்டுப் போகும்.

இரண்டாவது வாரம் அங்கிளை உட்காரவைத்து, எதிரே டீச்சரை உட்காரவைத்து, இவங்க யாரு அங்கிள் என்று கேட்டேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். மரியாதையாக, "அக்கா" என்றார். சோறு போட்டு, குளிக்கத் துண்டு எடுத்துக் கொடுத்து, கூடவே இருக்கும் பெண் அவருக்குத் தெரிந்த வரையில் அக்காதான். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். நல்லா யோசிங்க என்றேன். மறுபடியும் அக்கா. டீச்சரும் விடவில்லை, தன் பெயரின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க தினமும் கேட்டோம். வாரக் கடைசியில் யோசிக்காமலேயே அக்கா என்றார். நான் கோப்பில், பதில் சொல்லும் வேகம் கூடியிருக்கிறது என்று எழுதினேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு நாள், அங்கிள் உள்ளே பயிற்சியில் இருக்கும்போது, டீச்சர் என்னைக் கடை முன்னால் இருக்கும் நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நேத்துலேருந்து பாயை எடுத்துட்டு ஹால்ல போயி படுக்கறாரும்மா. நான் பக்கத்துல வந்தா கூச்சப்படறாரு. அக்கான்னு நெனைக்கறாரு, வேற என்ன செய்வாரு? தப்பு சொல்ல முடியல. முப்பது வருசம் குடும்பம் நடத்திட்டு இப்ப நான் யாருக்கு யாருன்னே தெரியல" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். துணிப்பையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் நீல மை ஒட்டிக்கொண்டது. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மாதம் ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து ஒரு மூத்த நிபுணர் வருவார், சீனப் பெண்மணி. அவரிடம் கோப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நினைவு இப்படிப் போனவரை ஊகிக்க விடவே கூடாது என்றார். நாம் என்றால் தப்புச் செய்தோம், திருத்தினார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வோம். இவருக்குத் திருத்தியது மறந்துவிடும், வாயில் வந்த தப்பு மட்டும் தங்கிவிடும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்தத் தப்பைத்தான் நீ மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாய் என்றார். கேட்காதே, முன்கூட்டியே சொல்லிவிடு. அவர் வாயில் தப்பு வருவதற்கு முன்னால் சரியானது காதில் விழட்டும். ஒரு தடவை இல்லை, ஆயிரம் தடவை.

அந்தச் சனிக்கிழமை செலண்டாருக்குப் போனேன். டீச்சர் அட்டையில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, நான்தான் அங்கிள் வாயில் அந்த வார்த்தையைப் பழக்கினேன், இனிக் கேட்கவே கூடாது, நாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கத்தரிக்கோல் நிற்கவில்லை. கையிலிருந்த எழுத்தை முழுதாக வெட்டி முடித்துக் கீழே வைத்தார்.

"நீ மட்டுமா? நானும்தான் மொத எழுத்து எடுத்துக் குடுத்தேன்" என்றார். பிறகு, "மறுபடியும் என்னைப் பெஞ்சாதின்னு நெனைப்பாரா?" என்று கேட்டார். சொல்ல முடியாது டீச்சர் என்றேன். சரி என்றார். புது அட்டை ஒன்றை எடுத்து, சிவப்பு மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.

அன்றோடு டீச்சர் கேள்வி கேட்பதை நிறுத்தினார். சிகரெட்டை விடுகிறவர்கள் படும் பாட்டை அதில் பட்டார். தட்டில் மீனை வைத்துவிட்டு "இது என்ன..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "இது கெம்போங் மீனு, ஒங்களுக்குப் புடிக்கும்" என்று முடிப்பார். அந்தப் பழக்கம் பள்ளிக்கும் போய்விட்டது. டீச்சர் பிள்ளைகளிடம் கேள்வியே கேட்பதில்லை, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறார் என்று ஒரு தாய் புகார் செய்தாராம். அதனால் எந்தப் பிள்ளையும் மேதையாகிவிடவில்லை. வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று தினமும் அழுதுகொண்டு வந்த ஒரு பிள்ளை மட்டும் அழாமல் வர ஆரம்பித்தது.

காலையில் அங்கிள் எழுந்திருப்பதற்குள் டீச்சர் எழுந்துவிட வேண்டும். ஹாலில் பாயின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கிள் கண் திறந்து வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லியாக வேண்டும், பிந்தினால் அக்கா வந்துவிடும். தன் பெயர், "ஒங்க பெஞ்சாதி", இது நம்ம வீடு, இந்த மூன்றும். தேநீர் போடுவதையும் அப்படித்தான் பழக்கினார். அடுத்து என்ன என்று கேட்காமல், அடுத்தது சீனி, அடுத்தது பால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, மாதங்கள் போகப் போக கடைசி வார்த்தைகளை ஒவ்வொன்றாக விட்டார். ஒரு வருடத்தில் அங்கிள் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தேநீர் போட்டார். அதில் சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதற்கு டீச்சரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் டீச்சருக்குச் சிரிப்பும் வரும். "கல்யாணமான நாள்லேருந்து என்னை இந்தா, இந்தான்னுதான் கூப்புடுவாரு. என் பேரை அவரு சொன்னதே இல்ல. நானும் சொல்லிக்கிட்டதில்ல. இப்ப பாரு, கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்ற மாதிரி தெனமும் சொல்றேன்" என்பார்.

பெயர் சொல்லிவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அங்கிளும் ஒன்று பழகியிருந்தார். யார் வந்தாலும் அவரும் பதிலுக்குத் தன் பெயரைச் சொல்லி, "லாரி டிரைவர்" என்பார். கேஸ்காரருக்கும் அதே, எனக்கும் அதே. ஆனால் அக்கா போகவில்லை. குறைந்தது, போகவில்லை. பாயும் ஹாலில்தான் கிடந்தது. போகும்போதெல்லாம் அந்தப் பாய் என் கண்ணில் படும். இரண்டு வருடம் பட்டது.

அப்புறம் டீச்சருக்கு டிங்கி காய்ச்சல் வந்து மலாக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு நாள். கோபித்துக்கொண்டு போன அதே தம்பி வந்து அண்ணனோடு தங்கினார். டீச்சர் கையில் டிரிப் ஓட, போனில் தம்பிக்குப் பாடம் நடத்தினார். அண்ணன் எழுவதற்கு முன்னால் நீங்கள் எழுந்துவிடுங்கள், நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று. நான்காவது நாள் நான் கட்டில் பக்கத்தில் இருக்கும்போது தம்பி கூப்பிட்டார். டீச்சருக்குப் போனைக் காதில் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, காலையில எந்திரிச்சு நான் பேரைச் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. அப்புறம், இங்க ஒருத்தங்க பேரு சொல்லுவாங்களே, அவங்க இன்னிக்கி வரலையான்னு கேட்டாரு."

டீச்சர் எழுந்து உட்காரப் பார்த்தார். "யாருன்னு சொன்னாரா?" என்றார். பசியாறியாச்சாவை விட்டால், இரண்டு வருடத்தில் அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"இல்ல அண்ணி. நான் கேக்கல. நீங்கதானே கேக்கக் கூடாதுன்னீங்க."

"நல்லது தம்பி. கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று நான்தான் அவரை என் காரில் கூட்டிப்போனேன். செலண்டார் சந்தியில் திரும்பும்போது, "ஆறு நாளும்மா. எல்லாம் போயிருக்கும். முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். ஆள் பாதியாகியிருந்தார், முகத்தில் மாஸ்க், தலை கலைந்து கிடந்தது. எனக்கே அடையாளம் தெரியாத கோலம். இந்தக் கோலத்தில் அங்கிள் என்ன சொல்லப் போகிறாரோ என்று நினைத்துக்கொண்டே காரை நிறுத்தினேன்.

கார் சத்தம் கேட்டு அங்கிள் கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றார். டீச்சர் இறங்கி மாஸ்க்கை இறக்கினார். அவர்தான் முதலில் பேச வேண்டும். வாயைத் திறந்தார், இருமல் வந்துவிட்டது. குரல் எழும்பவே இல்லை. அங்கிள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிந்தியாயிற்று, இனி அக்காதான் என்று நினைத்தேன்.

அங்கிள் தன் பெயரைச் சொன்னார். வருகிற எல்லாருக்கும் சொல்வதுபோலவே, நிதானமாக. நான் லாரி டிரைவருக்குக் காத்திருந்தேன்.

"ஒன் புருசன்" என்றார்.

சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார். டீச்சர் உள்ளே போகவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த அட்டைக்கு இந்தப் பக்கம் நின்று, இருமல் அடங்கும் வரை காத்திருந்து, தன் பெயரைச் சொன்னார். "ஒங்க பெஞ்சாதி" என்றார். "வா, தேத்தண்ணி போடறேன்" என்றார் அங்கிள். அதன் பிறகுதான் டீச்சர் காலை உள்ளே வைத்தார். நான் காரோடு சாய்ந்து நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அன்றைக்கு நான் பெயரைச் சொல்லாமல் உள்ளே போனேன், யாரும் கவனிக்கவில்லை.

என் மூத்த நிபுணரிடம் இதைச் சொன்னபோது, அங்கிளுக்குப் பழைய ஞாபகம் திரும்பிவிட்டது என்று எழுதிவிடாதே என்றார். நடந்ததை வைத்துக்கொள்ளும் இடம் போனாலும், திரும்பத் திரும்பச் செய்தது வேறோர் இடத்தில் படியும், வண்டி ஓட்டப் பழகுவதும் அங்கேதான் என்றார். சரியாகத்தான் இருக்கும். அதை அங்கிள் எங்கே வைத்திருந்தார் என்பது நிபுணரின் கவலை. எனக்கு அது அங்கே இருந்தது போதும். இன்றைக்கும் அவசரத்தில் அங்கிள் வாயில் அக்கா வருவதுண்டாம், டீச்சர் திருத்துவதில்லை, தன் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. பெயர், செலண்டார், லாரி டிரைவர் பெஞ்சாதி, தெங்கேராவுக்கு வந்துகொண்டிருந்தோமே, எல்லாம் முடிந்து பசியாறியாச்சா என்றார். ரத்த அணு எண்ணிக்கை ஏறிவிட்டது, பள்ளிக்குத் திங்கள்கிழமையிலிருந்து போகிறேன், மழை விடவே மாட்டேன் என்கிறது என்று ஊர்க்கதையெல்லாம் பேசினார். வைக்கப் போகும்போது ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஆங், அந்த ஹால்ல கெடந்த பாயை அலசிக் காயப்போட்டு, சுருட்டி அலமாரி மேல வெச்சிட்டேன்மா. சரி, வெக்கிறேன்."